அவனை மாற்றிவிடாதே

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரா,

முதலில் வீட்டு விஷயம். நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆரணி ரோடு ஷெல் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் உன் தம்பியும்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தபடி, தெருவில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். சொட்டு மருந்தை அம்மா நேரம் தவறாமல் விடுகிறார்கள். நீ நிம்மதியாக இரு.

இனி, கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ நடத்துகிற அமெரிக்க ஃபுட்பால் டீம். பந்தை எறிகிற உன் குவார்ட்டர்பேக்கைக் கொடுத்துவிட்டு வேறொருவனை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. நீ அனுப்பிய ஆட்டக் கணக்கை வரி வரியாகப் படித்தேன். அவனுக்குக் கையில் வலு குறைவு, சரி. ஆனால் கிட்டத்தில் எறிந்தால் குறி தப்புவதே இல்லை. எதிரணி பிடித்த பந்துகளைப் பார்: பெரும்பாலும் மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கிற நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில், ஏழெட்டு யார்டு தேவைப்பட்ட நேரத்தில் தூரமாக எறிந்தவை. முதல் இரண்டு டவுனிலும் நீ நடுவில் ஓடவிடுகிறாய். முட்டி மோதி ஒன்றிரண்டு யார்டுதான் கிடைக்கிறது. மூன்றாவதில் பாஸ்தான் வரும் என்று எதிரணிக்குத் தெரிந்துபோகிறது. அங்கே யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இதே கதிதான்.

நீ இருக்கிற ஒஹாயோவிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. 1969-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு கிரெக் குக் என்று ஓர் இளைஞன் வந்தான். அபாரமான கை. முதல் வருடமே தோளில் அடிபட்டு, அதோடு அவன் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அடுத்து வந்த விர்ஜில் கார்ட்டருக்கு நீளமாக எறிய வலு கிடையாது. குறி மட்டும் உண்டு. அப்போது உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், கார்ட்டருக்கு என்ன வருமோ அதை வைத்தே ஆட்டத்தைக் கட்டினார். மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். அந்த அகலம் முழுக்க ஆட்களைப் பரப்பி, சின்னச் சின்ன பாஸ்களாகப் போடவைத்தார். 1970-ல் அணி தன் பிரிவில் முதலிடம். 1971-ல் எறிந்த பந்துகளில் அதிக சதவீதம் சேரவைத்தவர் கார்ட்டர்தான், லீக் முழுவதிலும். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவை வைத்து வால்ஷ் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை ஜெயித்ததும் இந்த வழியில்தான். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கே அந்த மனிதர்தான் காரணம்.

ஆகவே முதல் டவுனிலேயே பாஸ் போடு. வெளியே நிற்கிற ரிசீவர், பாஸைப் பிடிக்கிறவன், மூன்று எட்டு நேராக ஓடி உள்பக்கம் சாயட்டும், அதுதான் ஸ்லாண்ட். அதே நேரத்தில், வழக்கமாகப் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் அதே பக்கத்து ஓரக்கோட்டை நோக்கி ஓடட்டும். அந்த இடத்தைக் காக்கிற ஆள் ஒருவன்தான் இருப்பான். அவன் ரன்னிங் பேக்கோடு போனால் ஸ்லாண்ட் திறந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்றால் ஓரத்தில் ரன்னிங் பேக் தனியாக இருப்பான். உன் ஆள் அந்த ஒருவனை மட்டும் பார்த்தால் போதும். மூன்று எட்டு பின்வாங்கியதும் பந்து கையை விட்டுப் போய்விடுவதால், மேலே பாய்ந்து வருகிறவர்கள் அவனைத் தொடவே நேரம் இருக்காது. ஐந்தாறு யார்டு கிடைத்தால், அடுத்த டவுனில் ஓட்டமா பாஸா என்று அவர்கள் குழம்பட்டும்.

இதையே இரண்டு மூன்று தடவை செய்தால், எதிரணியில் கடைசியில் நின்று காக்கிற சேஃப்டிகள் முன்னால் நகர்ந்து வருவார்கள். அப்போது ஓட்டம் போலக் காட்டி, பிளே ஆக்‌ஷனில் அவர்கள் தலைக்கு மேலே ஒன்று எறி. அவர்கள் முன்னே வந்துவிட்டால் அதற்குப் பெரிய கை வலு தேவையில்லை.

அப்புறம், காசு செலவழிக்க ஆசையாக இருந்தால், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கிற லைன்மேனுக்குச் செலவழி. உன் இடது பக்க டேக்கிள் சுத்தமாகத் தேறமாட்டான். லைனில் இருப்பது ஐந்து பேர். எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவனைத் தடுக்க ஆளில்லை. அப்படிக் கூடுதல் ஆட்கள் பாய்கிற பிளிட்ஸ் வரும் என்று தோன்றினால் ரன்னிங் பேக்கை உள்ளேயே நிறுத்து, இல்லையென்றால் ஸ்க்ரீன் போடு, அதாவது பாய்ந்து வருகிறவர்களுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு குட்டி பாஸ். எல்லோரும் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்து வந்த பிறகு பின்னால் காலியாகக் கிடக்கும் இடம் அது.

உங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பிக்கிற நிஜ ஆட்டம் இங்கே இரவு பத்தரைக்கு வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் என் சீசனைத் திறக்கிறேன். நீ அடுத்த ஆட்டத்தில் இப்படி ஆடிப்பார்த்து, கணக்கை முழுசாக அனுப்பு. முதல் டவுனில் என்ன ஆட்டம் ஆடச் சொன்னாய் என்பதையும் சேர்த்து எழுது. டிசம்பரில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், ஆற்காட்டில் மக்கன் பேடா இனிப்புக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்