ஆலடியில் இரண்டு புள்ளி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பஸ் தரிப்பிடங்களை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டோம். சண்டை பிடித்தவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

முதல் நன்றி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதியில் ஓடும் அந்த மினிபஸ் நடத்துனருக்கு. நாங்கள் சந்திக்குச் சந்தி நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனோம். தாவடியில் எங்கள் போனை எட்டிப் பார்த்தவர், "தம்பி, சந்தி நடுவில ஆர் நிக்கிறது? சுன்னாகம் போற சனம் ஒரு பக்கம், ரவுணுக்குப் போற சனம் மற்றப் பக்கம்" என்றார். அவ்வளவுதான். ஆரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஆள் காத்து நிற்கும் இடத்தை வீதியோரத்தில் தனியாகக் குறிக்க வழி இருக்கிறது. எனவே திசைக்கொரு புள்ளி, பெயர் ஒன்று என்று முடிவானது.

பெயர்தான் எங்களை மூன்று மாலை இழுத்தடித்தது. நம் ஊரில் பஸ் நிற்பது கோயிலடியில், வாசிகசாலையடியில், ஆலடியில். ஆலமரம் தறித்து எத்தனையோ வருசம், பெயர் மட்டும் நிற்கிறது. பலகையில் வேறு பெயர் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தீர்த்து வைத்தார்: பலகை இருந்தால் பலகைப் பெயர், சனம் சொல்வது மாற்றுப்பெயர்; பலகை இல்லாவிட்டால் சனம் சொல்வதே பெயர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்றதும் அவர்தான். பருத்தித்துறையை எழுத்துக்கூட்டி எழுதினால் சிங்களப் பயணிக்கு அது பேதுருதுடுவ என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி.

பிறகு நான் செய்த கூத்து. பஸ் தரிப்பிடங்களையும் நேர அட்டவணையையும் எழுதும் ஜிடிஎஃப்எஸ் கோப்பில் வழக்கமாக அகலாங்கு முதலில் வரும், நெட்டாங்கு பிறகு. வரைபடப் புள்ளிகளை எழுதும் ஜியோஜேசன் கோப்பில் தலைகீழ். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது அதைக் கவனிக்கவில்லை. 9.7 இருக்க வேண்டிய இடத்தில் 80, எண்பது இருக்க வேண்டிய இடத்தில் 9.7. கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லாம் ஆர்க்டிக் கடலில் மிதந்தன. அதைக் கண்டுபிடித்த உயர்தர மாணவி ஒரு சொல்லும் சிரிக்கவில்லை. அதற்கே தனி நன்றி.

ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் மாறாத இலக்கம் ஒன்று கொடுக்க வேண்டும், அதில் பெயரைக் கலக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற தம்பிக்கும் நன்றி. பெயர் நாளைக்கு மாறலாம், இலக்கம் மாறினால் நேர அட்டவணையோடு இருக்கும் தொடுப்பு அறுந்துவிடும். அகலாங்கிலும் நெட்டாங்கிலும் தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் போதும் என்பதும் அவர் கணக்கே. அது ஏறக்குறைய ஒரு மீற்றர். வீதியின் எந்தப் பக்கம் என்று தெரிய அது காணும்.

குறிகட்டுவானில் மட்டும் கொஞ்சம் திணறினோம். பஸ் முடிகிற இடமும் நயினாதீவுக்குப் படகு ஏறுகிற இடமும் ஒன்றா, இரண்டா? சரி, இரண்டு புள்ளி, இரண்டையும் சேர்க்கும் நிலையம் ஒன்று என்று எழுதிவிட்டோம். அங்கே வெயிலில் எங்களோடு நின்று காட்டித் தந்த படகுக்காரருக்கு நன்றி.

மண்டபத்தைத் திறந்துவிட்ட சனசமூக நிலையத்தாருக்கும், கேட்காமலே பிளேன்ரீ கொண்டுவந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும் நன்றி. இரண்டு கிளாஸ் இன்னும் எங்களிடம் இருக்கிறது, அன்ரி. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
புள்ளி வைத்தவர்களில் ஒருவன்
கோண்டாவில்