கதவை எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள்?

மோல்மீன், பர்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கே தாய்லாந்தில், சியாங்மாயில் நீ நலமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எல்லையோர ஊர்களிலிருந்து மொன், கரேன், பர்மிய மக்களோடு நம் தமிழ்க் குடும்பங்களையும் அழைத்து வரும் மாதம் ஒரு சமாதான உரையாடல் நடத்தப் போவதாகவும், அதில் ஓர் அமர்வின் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். "நம் ஊர்க்காரர்களிடம் நான் எதைக் கேட்க வேண்டும், அப்பா?" என்ற உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் ஒப்பவில்லை. நான் கண்டதையும் செய்ததையும் சொல்கிறேன். உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள்.

நீ அனுப்பிய குறிப்பில் "மனிதப் பாதுகாப்பு" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1994-இல் உருவாக்கிய ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கையிலிருந்து வந்தது அது என்றும், பிழைப்பு, உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தன்னுயிர், சமூகம், அரசியல் என ஏழு வகைப் பாதுகாப்பை அது பேசுகிறது என்றும் விளக்கியிருந்தாய். எல்லையைக் காப்பதைவிட எல்லைக்குள் வாழும் மனிதனைக் காப்பது முதன்மையானது என்ற அந்தக் கருத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை நம் மக்களிடம் அப்படியே கொண்டு போகாதே. "பாதுகாப்பு" என்றதும் அவர்கள் கண்முன் நிற்பது சோதனைச் சாவடியும் துப்பாக்கியும்தான். பர்மியச் சொல்லிலும் இதே சங்கடம் உண்டு. "உங்கள் பாதுகாப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று தலை குனிந்து சொல்வார்கள்; கேட்பவர் யாருடைய ஆள் என்று தெரியாதவரை அவர்களால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? "மாலையில் கதவை எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள்? இதே வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை மணிக்கு அடைத்தீர்கள்?" என்று கேட்டுப் பார். அந்த இரண்டு மணிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2013-இல். அப்போது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். இரவில் அப்பா எங்கே போய் வருகிறார் என்று அம்மாவிடம் கேட்பாயாம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் கரேன் தேசிய ஒன்றியமும் புதிய மொன் அரசுக் கட்சியும் அரசோடு தனித்தனியே போர்நிறுத்தம் செய்திருந்தன. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் அதுவரை அடங்கிக் கிடந்த நிலத் தகராறுகள் தலைதூக்கின. நம் ஊருக்கு மேற்கே இருக்கும் ரப்பர் மேட்டுக்கு மொன் குடும்பங்களும் உரிமை கொண்டாடின, தமிழ்க் குடும்பங்களும் உரிமை கொண்டாடின. இரவில் மரங்கள் வெட்டப்பட்டன. பௌத்தத் துறவிகளின் மழைக்கால வசா நோன்பு முடிந்த பௌர்ணமிக்குப் பிறகு, மடத்துப் பெரிய துறவி இரு தரப்பாரையும் தம் மண்டபத்துக்கு அழைத்தார். இரண்டு மொழியும் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள்.

அன்று முதலில் என்னைத் திணற வைத்தது "சமாதானம்" என்ற சொல்தான். பர்மிய மொழியில் அதற்கு இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும்: முதற்சொல்லுக்கு நெருப்பு அணைவது என்று பொருள், அடுத்த சொல்லுக்குக் குளிர்வது என்று பொருள். நம் பக்கத்துக் கிழவிகளுக்கு அதை எப்படிச் சொல்வதென்று யோசித்து, "தீமிதி முடிந்து குழியில் பால் ஊற்றித் தணிக்கிறோமே, அதுபோல" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள். நானோ எழுத்துத் தமிழில் "அமைதி" என்று சொல்ல இருந்தேன். நம் மொழியில் அமைதி என்றால் பேசாமல் இருப்பது என்றும் பொருள்படுகிறதே. பேசாமல் இருக்கத்தான் அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும்.

முதல் நாள் கூட்டம் கெட்டுப்போனது. நம் பெரியவர் ஒருவர் 1964-இலிருந்து தொடங்கினார். அந்த ஆண்டு மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கியதையும், மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்ததையும், ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர் கையிலிருந்ததை விட்டுக் கப்பலேறியதையும் கண்ணீரோடு சொன்னார். எல்லாம் உண்மை. எனக்கு அப்போது ஒன்பது வயது. உன் பெரிய தாத்தா சென்னைக்குப் புறப்பட்டபோது துறைமுகச் சோதனையில் பாட்டியின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் அவர் பேசி முடித்ததும் எதிரே இருந்த மொன் முதியவர் எழுந்தார். தம் தாத்தாவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நெல்வயல் இருந்தது, 1930-இல் நெல்விலை விழுந்தபோது வட்டி கட்ட முடியாமல் அது செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கிக்குப் போய்விட்டது, அதன்பின் தம் குடும்பம் அதே வயலில் குத்தகைக்காரராக நாற்று நட்டது என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. என் தாத்தா, அதாவது உன் கொள்ளுத்தாத்தா, அப்படியொரு கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர். 1930-இல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று அவர்கள் திட்டமிட்டு வரவில்லை, உலகச் சந்தை விழுந்ததால் கடன் வயலாக மாறிற்று என்று பொருளியலார் சொல்வார்கள்; அதுவும் உண்மைதான். வயலை இழந்தவனுக்கு அந்த விளக்கம் எந்த ஆறுதலையும் தராது. 1938-இல் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது அதன் அடியில் இந்த வயல்களின் சூடும் இருந்தது. அந்தக் கலவரத்தில் வெட்டுப்பட்டவர்களில் பலர் வட்டிக்கடையை எட்டிக்கூடப் பார்த்திராத கூலிகள் என்பது இன்னொரு கொடுமை.

நான் எழுந்து, அந்த முதியவர் சொன்னதை முழுவதும் தமிழில் சொல்லிவிட்டு, அதன்பின் இரண்டு மொழியிலும், "என் தாத்தா அந்தக் கணக்கேடுகளை எழுதியவர்களில் ஒருவர்" என்றேன். நம்மவர்கள் சிலர் என்மேல் கோபப்பட்டார்கள்; ஒருவர் பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு அந்த மொன் முதியவர் திரும்பி வந்தார். மகளே, நம் மக்கள் எந்தச் சபைக்கும் மனுக் கொடுப்பவர்களாகவே போய்ப் பழகிவிட்டார்கள். பட்ட துன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் பெயரால் பிறர் பட்டதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிற அன்றுதான் அண்டை வீட்டாராக உட்கார முடியும். உன் அமர்வில் இது தானாக வந்தால் தடுக்காதே. வராவிட்டால் நீ வற்புறுத்தாதே. அதைச் சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு.

இரண்டாம் கூட்டத்தைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கரேன் பெண், மரத்தை யார் வெட்டினார் என்ற விசாரணை நடுவிலேயே, "இரவில் பிரசவ வலி வந்தால் மூன்று சாவடிகளைத் தாண்டி மோல்மீன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது, அதை முதலில் பேசுங்கள்" என்றார். நம் பெண்களும் மொன் பெண்களும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். மூன்றாம் கூட்டத்தில், வெள்ளைத் துணி கட்டி விளக்கைப் போட்டு வரும் நோயாளி வண்டியைச் சாவடிகளில் நிறுத்துவதில்லை என்று துறவி முன்னிலையில் வாக்குப் பெறப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த வாக்கு நின்றது. ரப்பர் மேட்டுத் தகராறு இன்றும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஆனால் அதன்பின் ஒரு மரமும் வெட்டப்படவில்லை.

தலைவர்கள் கூடிப் பேசிய பெரிய மேசைகளின் கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1947 பிப்ரவரி 12-இல் விடுதலைத் தலைவர் ஆங் சான் பாங்லாங் என்ற ஊரில் ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு உடன்பாட்டில் கையொப்பமிட்டார். கரேன்கள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தார்கள். விடுதலைக்கு மறு ஆண்டே அவர்களோடு போர் தொடங்கிற்று. 2015 அக்டோபர் 15-இல் நாடளாவிய போர்நிறுத்த உடன்படிக்கையில் எட்டுக் குழுக்கள் ஒப்பமிட்டன. மொன் கட்சி 2018 பிப்ரவரியில் சேர்ந்தது. உடன்பாட்டைக் கண்காணிக்கும் ஒன்றியக் குழுவில் இராணுவத்துக்குப் பத்து இடம், ஆயுதக் குழுக்களுக்குப் பத்து இடம், பொதுமக்களுக்கு ஆறு இடம். அரசியல் உரையாடலில் பெண்கள் "நியாயமான எண்ணிக்கையில்" இருக்க வேண்டும் என்றது உடன்படிக்கை. அந்த நியாயத்தின் அளவை வகுக்காமல் விட்டது பெருங்குறை. 2018 ஜூலைக்குள் இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பாங்லாங் மாநாட்டில் 51 கோட்பாடுகள் ஏற்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலை வரவழைத்துப் படித்தேன். பிரசவ வலியோடு சாவடியில் நிற்பவளுக்கு உதவுகிற ஒரு வரியை அதில் தேடினேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. அந்த மேசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லையும் அதிகாரமும் வருவாயும் அங்கேதான் பேசப்பட வேண்டும். ஆனால் 2021 பிப்ரவரி முதல் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி அந்த மேசை கவிழ்ந்தபோது, கீழே அதைத் தாங்கிப் பிடிக்க ஊர்தோறும் மனிதர்கள் இல்லை. நம் வெள்ளைத் துணி வாக்கும் அந்த ஆண்டுக் கடைசியில்தான் முறிந்தது. புதிதாக வந்த சாவடிக்காரர்கள் அந்த மண்டபத்தைப் பார்த்ததே இல்லை.

இன்றைய நிலைமை 2013 போன்றதன்று என்பதை நீ ஒரு கணமும் மறக்கக் கூடாது. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் முப்பது இலட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. சொல்கிறது. 2023-இல் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 1,003 பேர் மாண்டார்கள் அல்லது ஊனமானார்கள். அந்த ஆண்டு உலகிலேயே இது மிக அதிகம். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரவு உறக்கம் இல்லை. நம் கோயில் திருவிழாவில் காவடி தூக்க இந்த ஆண்டு நடுத்தர வயதினர்தாம் இருந்தார்கள். ஆகவே உன் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உனக்காக ஓர் ஆபத்தை ஏற்று வருகிறார்கள். பெயர்களை எழுதாதே, ஊரையும் எழுதாதே. படம் எடுக்க யாரையும் அனுமதிக்காதே, நன்கொடை கொடுத்தவர்கள் கேட்டாலும் சரி. பேசாமலே இருந்துவிட்டுப் போகிறவரைப் பேச வைக்க முயலாதே. அவர் ஊர் திரும்பியபின் என்ன நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றில் உன் அலுவலகத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இனவாரியாக வட்டம் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பேச்சாளர் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன் இங்கே குடியிருந்த இனங்களையே மண்ணின் மக்கள் என்று வகுத்தது. அரசு சொல்லும் 135 இனங்களின் பட்டியலில் நம் பெயர் இல்லை. குடியுரிமை அட்டையின் நிறத்தைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் அந்த வழக்கத்தைச் சமாதானம் பேசும் அறையிலும் ஏன் தொடர வேண்டும்? ஒரே சாலையில் போகிறவர்களை ஒன்றாக உட்கார வை. ஒரே ஆற்றில் தண்ணீர் எடுப்பவர்களை, ஒரே சந்தையில் நெல் விற்பவர்களை ஒன்றாக உட்கார வை. தாய்லாந்து எல்லைக்குப் போகும் மியாவடிச் சாலை சண்டையால் அடைபட்டபோது மொன் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் எண்ணெயும் மருந்தும் ஒரே நாளில்தான் தீர்ந்தன. மேலதிகாரிகளிடம் இதைச் சொல்லத் தயங்காதே. உன் பெயரில் சொல்லத் தயக்கமானால் என் தந்தை சொல்கிறார் என்று சொல்.

அந்த மூன்று கூட்டங்களிலும் நான் எடுத்த குறிப்புகள் ஒரு நோட்டில் இருக்கின்றன. பெயர்கள் இருந்த இடங்களை எல்லாம் நேற்று உட்கார்ந்து மையால் அடித்துவிட்டேன். நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்தபின் உன்னிடம் வைத்துக்கொள்ளாமல் எரித்துவிடு. மடத்துப் பெரிய துறவி இப்போது படுக்கையில் இருக்கிறார். உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். அன்று பிரசவ வலியையும் சாவடிகளையும் பற்றி முதலில் பேசிய கரேன் பெண் இப்போது எல்லைக்கு அப்பால் முகாமில் இருப்பதாகவும், உன் கூட்டத்துக்கு அவரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவரைக் கண்டுபிடிக்கும் வழியை நோட்டைக் கொண்டுவருபவர் வாய்மொழியாகச் சொல்வார்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள். அதுவும் அவரோடு வரும்.

அன்புடன்,
அப்பா