அந்த ‘எப்படியோ’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதுமையில் மனஉறுதி பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், ‘துணையை இழந்தால் ஆண்கள் ஒடிந்துபோகிறார்கள், பெண்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள்’ என்று ஒரு வரி. அந்த ‘எப்படியோ’ மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு 69 வயது. எதிர்வீட்டு அண்ணனின் மனைவி தவறியபோது தெருவே அவரைத் தாங்கியது. காலையில் ஒரு வீட்டு இட்லி, சாயங்காலம் கோயில்வரை கூட நடக்க இரண்டு பேர். நானும் ரசம் வைத்துக் கொடுத்தேன். மனுஷன் உடைந்துபோயிருந்தார், செய்யத்தான் வேண்டும். மறுவருடம் என் கணவர் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ‘நீங்க தைரியசாலி, சமாளிச்சுக்குவீங்க’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். அன்று மாலை பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். இரண்டாவது டம்ளரில் ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வங்கி. கணக்கெல்லாம் அவர் பெயரில். வாரிசுச் சான்றிதழுக்கு ஐந்து நடை. ரேஷன் கடையில், பாத்திரம் தேய்த்தே தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று இரண்டு மாதம் திருப்பி அனுப்பினார்கள். தாங்கிக்கொண்டேன்தான். வேறு வழி இருந்ததா? மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் தங்கமான பெண். அவரும் ‘ராத்திரி தூக்கம் வருதாம்மா?’ என்று இதுவரை கேட்டதில்லை.

தாங்கள் அறியாததல்ல. 2017-18இல் நாடு முழுக்க எடுத்த ‘லாசி’ முதியோர் ஆய்வில் மனச்சோர்வு பெண்களிடமே அதிகம் என்று வந்தது. முதியவர்களில் மனைவியை இழந்த ஆண்களைவிடக் கணவரை இழந்த பெண்களின் எண்ணிக்கையும் இரண்டு மடங்குக்கும் மேல். முதியோர் உதவித்தொகையில் தனியாகக் கிடக்கும் எங்கள் தெருக்கோடிப் பூக்கார அக்காவிடம் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதை மனஉறுதி என்று கணக்கெழுதிவிட்டால், உதவி எப்போதும் அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

இதைப் பற்றி முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. வருத்தம் உண்டு. இதையாவது போடுங்கள். போட இடமில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416 இரண்டையும் அடுத்த இதழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பூக்கார அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டு வாசகி,
கும்பகோணம்