ஃபிரிட்ஜில் எருக்கு விதை

மார்க்கம், ஒன்டாரியோ
மாசி மாதம், வெளியே மைனஸ் 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் ஆடியில் வந்தது. இப்போது மாசி. திட்டுவதை இரண்டு வரியில் முடித்துக்கொள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உன் ஆஞ்சியோ விஷயம் மொட்டை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன், தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

எழுத உட்கார வைத்த சங்கதி இதுதான்: கறிவேப்பிலை செத்துப்போய்விட்டது.

11 வருஷத்துச் செடி. போட்டோவைப் பார்த்துவிட்டு "இது மரமா, ஊதுபத்தியா?" என்று கேட்டாயே, அதேதான். குளிர்காலம் முழுக்க ஹாலில் ஜன்னலோரம் நிற்கும். இந்த வருஷம் செதில் பூச்சி வந்து சோபாவெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. உன் தங்கை முணுமுணுத்தாள். நானும் பெரிய ஆள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டுபோய் பின்கட்டுப் பசுமைக் குடிலில் வைத்து, ஒரு ஹீட்டரையும் போட்டேன். குடில் என்றதும் ஊட்டி கண்ணாடி மாளிகையை நினைக்காதே. எட்டடிக்கு ஆறடி பாலிகார்பனேட் கூண்டு. போன மாதம் மைனஸ் 22 அடித்த ராத்திரி பிரேக்கர் விழுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்குகிறது.

இந்தக் கூண்டைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு. கூரை போட்டாயிற்று, குளிர் வராது என்று இருந்தேன். ஹீட்டர் இல்லாவிட்டால் ராத்திரி உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம்தான் வித்தியாசம். பகலில் கதையே வேறு. வெளியே மைனஸ் 10 இருந்தாலும் வெயில் அடித்தால் உள்ளே 20ஐத் தாண்டும், கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கும். உள்ளே பிழைத்தது, செப்டம்பரில் விதைத்த ஸ்பினாச் கீரை மட்டும். அதுவும் டிசம்பர், ஜனவரியில் ஒரு விரற்கடைகூட வளரவில்லை, சும்மா உயிரோடு நின்றது. மெய்ன் மாகாணத்தில் எலியட் கோல்மன் என்று ஒரு விவசாயி இருக்கிறார், கிட்டத்தட்ட எங்கள் அட்சரேகைதான். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி வளராது, அதற்குள் வளர்த்து நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்களுக்கு டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பிப்ரவரி முதல் வாரம் போனபிறகுதான் கீரை அசைய ஆரம்பித்தது.

சரி, இப்போது என் புதுப் பைத்தியத்துக்கு வருகிறேன். 20 வருஷமாகக் குளிரோடு மல்லுக்கட்டி வெயில் செடிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். குளிர் பட்டால்தான் முளைப்பேன் என்கிற விதைகளை இந்த வருஷம்தான் கையில் எடுத்தேன். இதெல்லாம் வருஷாவருஷம் பனியில் மடிந்து அடிவேரிலிருந்து திரும்பத் துளிர்க்கிற ஜாதி. நீ விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, கல் ஏற்றுவாய். மறுநாள் கையை விட்டால் சுடும். இங்கே நேர் எதிர். ஈர மணலில் விதையைப் பிசறி, பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஒரு மாதம் வைக்க வேண்டும். விதைக்குள் 'இப்போது முளைக்காதே' என்று பிடித்து வைத்திருக்கும் அப்சிசிக் அமிலம் அந்த ஈரக்குளிரில் குறைந்து, 'முளை' என்று தூண்டும் ஜிபரெல்லின் கை ஓங்கும். உங்கள் ஊர் பூச்சிமருந்துக் கடையில் பாட்டிலில் விற்பார்களே, அதே ஜிபரெல்லின்தான். இலையுதிர் காலத்தில் விழுந்த விதை ஐப்பசியிலேயே ஏமாந்து முளைத்துவிட்டால், தை மாதப் பனியில் காலி. அதனால்தான் குளிர்காலம் போய்விட்டது என்று உறுதியான பிறகே கதவைத் திறக்கிறது. (இதை நம் வாழ்க்கையோடு ஒப்பிட்டுக் கவிதை எழுதி அனுப்பினாயானால் கடிதப் போக்குவரத்தே கிடையாது.)

தோசை மாவுக்குப் பக்கத்தில் இருப்பது என்ன விதை என்று நினைக்கிறாய்? மில்க்வீட். சாட்சாத் எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. இலையைக் கிள்ளினால் அதே பால். உன் வேலியோர எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுமே, அதன் சொந்தக்காரன் மொனார்க் இங்கே இதில்தான் முட்டையிடும். புழுவுக்கு வேறு தீனி கிடையாது. இலையுதிர் காலத்தில் இங்கேயிருந்து கிளம்பி, 3000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போகிறது அந்தப் பூச்சி. நீ வெட்டி எறிவதை நான் காசு கொடுத்து வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். சிரித்து முடித்தாயா?

மிச்ச விதைகளுக்கு ஃபிரிட்ஜும் இல்லை, குடிலும் இல்லை. குடிலின் பகல் சூட்டில் அவசரப்பட்டு முளைத்துவிடும். பிளாஸ்டிக் கேனைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, நாலு விரற்கடை மண்ணில் விதைத்து, மேல்பாதியை மூடியில்லாமல் திரும்ப ஒட்டிப் பனியில் வைத்துவிட்டேன். நியூயார்க் பக்கம் ட்ரூடி டேவிடாஃப் என்கிற அம்மாள் பரப்பிய வித்தை. அங்கே பால் கேனில் செய்கிறார்கள். எங்கள் வீட்டுப் பாலோ ஆவின் மாதிரி பையில் வருகிறது, அதனால் தண்ணீர் கேன். 17 கேன் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தொட்டி மட்டும் வேறு மாதிரி. அதில் இருப்பது டிரில்லியம், இந்த மாகாணத்தின் பூ. போன ஜூலையில் பழத்திலிருந்து எடுத்த கையோடு, காயவிடாமல் விதைத்தேன். முதல் குளிர்காலம் கழிந்தால் வேர் மட்டும் விடும். இரண்டாவதும் கழிந்தால்தான் மண்ணுக்கு மேல் ஒற்றை இலை. அப்புறம் பூக்க இன்னும் ஏழு வருஷமாவது ஆகும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூக்கும்போது எனக்கு 72க்கு மேல். நீ என்னைவிட எட்டு மாதம் பெரியவன்.

அதனால்தான் கேட்கிறேன். அடைப்பு எத்தனை? ஸ்டென்ட் வைத்தார்களா, மாத்திரையோடு விட்டுவிட்டார்களா? மொட்டைக்கு ஒன்றும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அறுவடைக்கு நீயே வயலில் இறங்கி நின்றாய் என்றும் கேள்விப்பட்டேன். பையன் எதற்கு இருக்கிறான்? எனக்குக் கோபம் வருகிறது, கோபம் மட்டும் இல்லை.

கறிவேப்பிலைப் பழம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. அந்த விதை காய்ந்தால் முளைப்புப் போய்விடும், தபாலுக்குத் தாங்காது.

உன்,
கோணக்கை

பி.கு.: பட்டுப்போன செடியை உன் தங்கை திரும்ப ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றுகிறாள். சோபாவைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.