மொட்டைமாடித் தளப் பணி நிறைவு அறிக்கை: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் விளக்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் மொட்டைமாடித் தளம் 5,200 சதுர அடியையும் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் வேலை ஆவணிக் கடைசியில் முடிந்தது. மழைநீர்க் குழாய்கள் மாற்றியாயிற்று. கைப்பிடிச் சுவர் பூசியாயிற்று. தண்ணீர்த் தொட்டியின் அடித்தூண்களும் படிக்கட்டு அறையும் முடிந்தன. இவற்றில் விளக்கம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. போட்ட கணக்குக்குள் முடிந்தன.

விளக்கம் தேவைப்படுவது தளத்துக்குத்தான். பொதுக்குழுவில் ஒப்புக்கொண்ட மதிப்பீடு 11,40,000 ரூபாய். செலவானது 14,86,000. கூடுதல் 3,46,000. இதைப் பற்றிப் படிக்கட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பேசப்பட்டதெல்லாம் எங்கள் காதுக்கும் வந்தது. கமிட்டியில் இருப்பவர்கள் யாரும் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இல்லை. ஆனாலும் பொதுப்பணத்தைத் தொட்டால் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது. இது அந்த ரசீதுகளுக்குப் பின்னால் இருக்கும் கதை.

முதலில், ஏன் பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மேலே தட்டோடும் (தட்டையான சுட்ட மண் ஓடு) என்று முடிவெடுத்தோம் என்பது. இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள்.

யோசனை கேட்டபோது எல்லோரும் அவரவர்க்குத் தெரிந்த ஊரை வைத்துத்தான் சொன்னார்கள். பி-2 வீட்டு மருமகன் கோட்டயத்துக்காரர். தளத்துக்கு மேல் இரும்புச் சட்டம் கட்டி, சாய்வாக ஷீட் போட்டுவிட்டால் ஒழுகல் என்ற பேச்சே இருக்காது என்றார். கேரளத்தில் இன்று வீட்டுக்கு வீடு அப்படித்தான் செய்கிறார்கள், அங்கே அது சரியும்கூட. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இடம் அது. ஜூனில் ஆரம்பித்தால் மாதக்கணக்கில் தளம் காய்வதற்கே நேரம் கிடைக்காது. தண்ணீர் விழுந்தவுடன் வழிந்துவிட வேண்டும்.

நாம் இருக்கும் திருவான்மியூரில் நிலைமை வேறு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது, அதுவும் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது யாருக்கும் மறந்திருக்காது. மழை வந்தால் கூடவே காற்றும் வரும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் தெருவில் எத்தனை ஷீட்டுகள் பறந்து வந்து கிடந்தன என்று பார்த்தோம். புயல்காற்று ஷீட்டை மேலிருந்து அழுத்துவதில்லை. ஓரத்தில் உறிஞ்சித் தூக்குகிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய ஆணியையும் நட்டையும் உப்புக்காற்று ஏற்கெனவே தின்று வைத்திருக்கும். கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு இரும்புக் கூரை போடுவதற்கு எங்களுக்குத் துணிவு இல்லை. பறந்து போய் அடுத்த வீட்டு ஆள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு?

சி-6 ஐயா டெல்லியில் பல ஆண்டு இருந்தவர். அங்கே மண்ணோடு வைக்கோலைக் குழைத்துத் தளத்தில் பரப்பி, மேலே செங்கல் ஓடு பதிப்பார்கள், வீடு குளுகுளுவென்று இருக்கும் என்றார். உண்மைதான். வறண்ட வெயிலுக்கு அதைவிட மலிவான காப்பு இல்லை. ஆனால் நம் ஊர் அடைமழையில் ஓட்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, அந்த மண் நாலு நாள் ஊறினால் வெறும் சேறு. ஐயாவே அதைக் கேட்டுவிட்டு, சரி, அது இங்கே ஆகாது என்று ஒப்புக்கொண்டார். அதற்கு அவருக்கு நன்றி.

இளைஞர்கள் சிலர் தார் ஷீட்டைச் சூடாக்கி ஒட்டும் முறையைச் சொன்னார்கள். வேலை சீக்கிரம் முடியும், செலவும் பாதிதான். ஆனால் கறுப்புத் தளம் கத்திரி வெயிலை அப்படியே குடிக்கும். அந்தச் சூடு இறங்குவது மேல்மாடி எட்டு வீட்டுப் படுக்கையறைகளில். மூடி வைக்காமல் வெயிலிலேயே விட்டால் ஷீட்டும் காய்ந்து வெடிக்கும். நம் மாடி சும்மா கிடக்கும் மாடியும் அல்ல. துணி காய்கிறது, வடாம் காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இன்னொன்று, 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து மாடித் தண்ணீர் முழுக்க நம் கிணற்றுக்குத்தான் போகிறது. தாரில் ஓடி வந்த தண்ணீரைக் கிணற்றில் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருந்தது நம் ஊர் முறை. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து சராசரி மூன்று அங்குலத்துக்குப் போட்டு அடித்து, தண்ணீர் வழிய வாட்டம் (சாய்வு) கொடுத்து, மேலே தட்டோடு. செங்கல் ஜல்லி சூட்டைத் தடுக்கும். சுண்ணாம்புக்குக் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும் குணம் உண்டு, அதுதான் முக்கியம். 20 மீட்டர் நீளமுள்ள காங்கிரீட், 30 டிகிரி ஏறி இறங்கினால் 6 மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். சித்திரை மாதத்துப் பகலுக்கும் திடீர் மழைக்கும் நடுவே நம் தளம் அனுபவிப்பது இதைத்தான். மேலே போடுவது சிமெண்ட் போல விறைப்பாக இருந்தால் வெடிக்கும். வெடித்த இடத்தில் ஐப்பசி மழை நுழையும்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம், ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் ஒப்பந்தக்காரர் மாசி மாதம் வேலையைத் தொடங்கினார். தளத்தைப் பெயர்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 1987இல் கட்டியபோது போட்ட ஓட்டுக்கு மேல் ஒரு சிமெண்ட் பூச்சு, அதற்கு மேல் இன்னொரு ஜல்லி, அதற்கு மேல் மறுபடி ஓடு. ஒவ்வொரு கசிவுக்கும் அப்போதைய கமிட்டி கையில் இருந்த பணத்தில் மேலே மேலே போட்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நாலு அங்குலக் கனம் கூடினால் ஒரு சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல் பாரம் ஏறுகிறது. அதன்மேல் இன்னொரு அடுக்கு போடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஒப்பந்தக்காரர். நாங்கள் மறுத்தோம். அடி காங்கிரீட் தெரியும்வரை எடுக்கச் சொன்னோம். எடுக்கக் கூலி, இறக்கக் கூலி, லாரி எல்லாம் சேர்ந்து 88,000 கூடியது. கூடுதலில் முதல் பங்கு இது.

அப்புறம் கலவை. ஒப்பந்தத்தில் நீற்றிய சுண்ணாம்பு, சிமெண்ட் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஒருநாள் காலை படிக்கட்டுத் திருப்பத்தில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே போய்ப் பார்த்தால் முந்தின நாள் போட்ட மேற்குப் பகுதி சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. அடித்த தடமே இல்லை, கரணையால் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்கு, "காலம் மாறிடுச்சு சார், சுண்ணாம்பை ஊற வெச்சு அடிச்சுக்கிட்டு உட்கார ஆள் எங்க கிடைக்குது?" என்றார். ஆள் கிடைக்காது என்பதை விலை பேசும்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா?

சி-4 ஐயா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தளத்தில் இங்கும் அங்குமாகக் குழி தோண்டச் சொல்லி, இரும்பு அளவுகோலை விட்டுப் பார்த்தார். பில்லில் எல்லா இடத்துக்கும் நாலு அங்குலம் என்று போட்டிருந்தது. குழாய் வாய்ப் பக்கம் இரண்டுகூட இல்லை. மேடான நடுப்பகுதியில்தான் நாலு. வாட்டம் கொடுத்தால் ஓரம் மெலிவது இயல்பு. அதற்காகத்தான் சராசரிக் கனத்துக்குப் பணம் என்று எழுதுகிறோம். மேட்டை அளந்து மொத்தத் தளத்துக்கும் பில் போடுவதை எந்தக் கமிட்டியும் ஏற்க முடியாது.

இதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் இந்த வளாகத்துக்கே கேட்டது. அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தளம் பாதி பெயர்ந்த நிலையில், எதிர்பாராத கோடைமழையில் ஏ-8, பி-7 வீடுகளில் மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டியது. அந்த இரண்டு வீட்டாரும் பட்ட சிரமம் எங்களுக்குத் தெரியும். தார்ப்பாய் கட்ட ராத்திரியில் ஏறி வந்தவர்களில் அந்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்து அவரை வைத்தே முடித்திருந்தால் காலமும் பணமும் மிச்சமாகியிருக்கும் என்று இப்போதும் சில உறுப்பினர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சிமெண்ட் கலந்த பகுதியை அப்படியே விட்டிருந்தால் இரண்டு கோடை தாங்கியிருக்கும், மூன்றாவது ஐப்பசியில் இதே பேச்சைத் திரும்பப் பேசிக்கொண்டிருப்போம். அளந்து, உண்மையாகச் செய்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தோம். அவர் கேட்ட மீதியைக் கொடுக்கவில்லை. அந்தப் பகுதியை உடைத்து மறுபடி போட்டதும், அடுத்து வந்தவரின் விலை கூடுதலாக இருந்ததும் சேர்ந்து 68,000. இது இரண்டாவது பங்கு.

மூன்றாவதும் பெரியதுமான பங்கு 1,90,000. கடல் பார்த்த கிழக்கு ஓரத்தில் பழைய அடுக்குகளை எடுத்ததும் காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினோம். திடமாக ஒலிக்க வேண்டிய இடத்தில் பொள்ளென்று சத்தம். உள்ளே 10 மில்லிமீட்டர் கம்பி, சில இடத்தில் 7 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து கம்பிக்குப் போனால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்தத் தள்ளலில் காங்கிரீட் பெயரும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் கட்டடத்துக்கு இது நாற்பது ஆண்டிலும் வராமல் போகலாம், நமக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு ஏ-7 வீட்டில் பெயர்ந்து விழுந்த கூரைப்பூச்சுக்குக் காரணம் இதுதான். கீழே முட்டுக் கொடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பூச்சு அடித்து, காங்கிரீட் நிரப்பினோம். இதை மதிப்பீட்டில் ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டார்கள். மூன்று அடுக்குக்குக் கீழே இருக்கும் கம்பியை யாரும் பார்க்க முடியாது. பார்த்த பிறகு மூடிவிட்டுப் போவது மேல்மாடியில் தூங்குகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

தரைத்தள வீட்டார் ஏன் சம பங்கு தர வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. கட்டடத்தின் கூரை எல்லோருக்கும் பொது. மேலே கம்பி போனால் கீழேயும் பத்திரம் இல்லை. தயங்கியவர்களும் கடைசியில் கொடுத்தார்கள்.

வேலையை முடித்தவர் மதுராந்தகம் பக்கத்து மேஸ்திரி. சுண்ணாம்பைத் தொட்டி கட்டி நீற்றி, சலித்து, மணல் சேர்க்காமல் ஜல்லியோடு புரட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்தார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்தார்கள். கட்டை அடித்த இடத்திலிருந்து எகிறித் திரும்பும்வரை அடிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியே அடித்தார்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைவாகப் பூசினார்கள். 60 அடிக்கு 1 அடி வாட்டம். பளபளப்பான ஓடு வேண்டாம் என்றதும் கமிட்டியின் முடிவுதான். மழைக்காலத்தில் வழுக்கும், வயதானவர்கள் ஏறும் மாடி இது. தட்டோட்டின் மேல் வெள்ளை அடித்திருக்கிறோம். பங்குனியில் ஒவ்வோர் ஆண்டும் அடிக்க வேண்டும்.

குழாய் வாய்களை அடைத்து, தளம் முழுக்கத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்தோம். எட்டு வீட்டிலும் கூரையில் ஈரம் இல்லை. சி-4 ஐயா ஒவ்வொரு மூலையையும் கையால் தடவிப் பார்த்தார். எங்களுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த ஆண்டில் இல்லை.

வரவு: வீட்டுக்கு 45,000 வீதம் 24 வீடுகள், 10,80,000. சேமநிதியிலிருந்து 2,00,000. நன்கொடை 2,31,500. மொத்தம் 15,11,500. செலவு போக இருப்பு 25,500.

பங்குக்கு மேலே நன்கொடை தந்தவர்கள்: துபாயில் இருக்கும் பி-1 உரிமையாளர் 50,000. சி-7 அம்மா தன் கணவரின் நினைவாக 40,000. சி-2 வீட்டார் 30,000. ஏ-2 வீட்டார் 25,000. பி-3 டாக்டர் தம்பதி 20,000. பி-8 வீட்டார் 15,000. பி-5 வீட்டார் 14,000. ஏ-6 டீச்சர் 10,000. சி-4 ஐயா, மேற்பார்வை பார்த்ததற்கு ஒரு காசு வாங்காததோடு, தன் பங்காக 10,000. வாடகைக்குக் குடியிருக்கும் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து 16,000. இதை அவர்கள் தர வேண்டிய கட்டாயமே இல்லை. வாசலில் இஸ்திரி போடும் அண்ணன் 1,500. வேலையாட்களுக்குத் தினமும் மோர் கொடுத்த ஏ-1 பாட்டிக்கும், மூட்டை ஏற்ற லிஃப்டைத் தொடக் கூடாது என்று விடாமல் காவல் காத்த வாட்ச்மேனுக்கும் கமிட்டியின் நன்றி.

இனி மாடியில் ஆண்டெனா, சோலார், பந்தல் எதற்கும் தளத்தில் துளை போடக் கூடாது. தேவைப்பட்டால் கைப்பிடிச் சுவரில், கமிட்டியிடம் சொல்லிவிட்டு. பூந்தொட்டிகளைக் கல் வைத்து உயர்த்தி வைக்கவும். புரட்டாசி முடிவதற்குள் குழாய் வாய்களில் இலை, குப்பை அகற்றும் பொறுப்பு மேல்மாடி வீடுகளுக்கு முறை வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அட்டவணை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

மேஸ்திரிக்குத் தர வேண்டியதில் 30,000 ரூபாயைப் பிடித்து வைத்திருக்கிறோம். அது மேலே சொன்ன செலவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. தை மாதம் எட்டு வீட்டுக் கூரையையும் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக அவரோடு பேச்சு. ரசீதுகளும் அளவுப் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் சங்க அறையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர், கமிட்டிக்காக