அப்பாவின் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு

அப்பா தொடை எலும்பு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று வோக்கரைப் பிடித்தபடி முற்றத்து வேம்பு வரைக்கும் போய்த் திரும்பினார், போதும் போதும் என்று நான் கத்தியது காதில் விழவே இல்லை. என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் நீங்கள்தானே, அதனால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

மட்டக்களப்புப் படுவான்கரை ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் முன்னால் "அப்பா, பள்ளம் வருது, பிடிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிச் சொல்லி ஓட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பி, இரத்தம் கொடுக்க வந்து நின்ற பிள்ளைகள், மாடுகளைப் பார்த்துக்கொண்ட மாமி, வாட்டில் இடியப்பமும் சொதியும் பங்கிட்டுத் தந்த பக்கத்துக் கட்டில் அக்கா, லண்டனிலிருந்து கேட்காமலே காசு அனுப்பிய மச்சான், எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றி. குறை நினைக்காதீர்கள்.

அந்த எலும்பு டொக்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, வயதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா முழங்கால் நோகுது என்று சொன்னதால் முழங்காலுக்குத்தான் தைலம் பூசிக்கொண்டிருந்தோம். இந்த டொக்டர் படத்தைப் பார்க்குமுன் அப்பாவின் பாதத்தைப் பிடித்து மெல்ல உள்பக்கம் திருப்பினார். அப்பா கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். இடுப்பு மூட்டில் அடிபட்டாலும் நோவு முழங்காலில் தெரியுமாம். எக்ஸ்ரே காட்டுவது எலும்பின் நிழல், விலகாத வெடிப்பு சிலவேளை அந்த நிழலுக்குள் மறைந்துவிடும், காந்தத்தால் படமெடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கான் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையையே காட்டும் என்றார். பிறகு படத்தில் காட்டினார்: வெள்ளையாக இருக்க வேண்டிய தொடை எலும்பின் கழுத்தில் ஒரு கறுப்புக் கோடு, தலைமயிர் அளவுக்கு. எலும்பு விலகாததால் மூன்று ஸ்குரூவோடு போனது. விலகியிருந்தால் எலும்பின் பந்து மாதிரியான தலைக்குப் போகிற இரத்தம் நின்று அந்தப் பந்தையே மாற்ற வேண்டி வந்திருக்கலாம்.

சரி, இதை எழுத வந்ததே அந்த ஸ்கான் அறைத் தம்பிக்காகத்தான்.

அப்பாவின் அரைநாணில் ஒரு செப்புக் கூடு, தாயத்து. எப்போதோ ஒரு வைகாசிச் சடங்கில் அம்மன் கோயில் கட்டாடியார், அங்கே பூசை செய்கிறவர், கட்டிவிட்டது. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது, அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்கு என்றார்கள். ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தார். அப்பா இடுப்பைப் பொத்திக்கொண்டார், "வெட்ட ஒண்ணா" என்று. வெளியே வரிசை நீண்டு கிடந்தது, நான் வெட்கத்தில் அப்பாவை ஏசினேன். அப்போதுதான் அங்கே வேலை செய்கிற அந்தத் தம்பி வந்து தரையில் குந்தினார். பேச்சிலே கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை என்று தெரிந்தது. "எங்கட மூத்தவாப்பாவும் இடுப்பில கூடு கட்டி இருந்தவர்தான்" என்று சொல்லிக்கொண்டே, வியர்வையில் இறுகிக் கல்லாகிப்போன அந்த முடிச்சை நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தார். அறுக்கவில்லை. அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி என் கையில் தந்தார்.

அப்புறம் அப்பா உள்ளே போகமாட்டேன் என்று பிடிவாதம். கூடு இல்லாமல் அந்தக் குகைக்குள் தலை போவதா? தம்பி தன் போனையும் திறப்புக் கோர்வையையும் பெல்ட்டையும் கழற்றி மேசையில் வைத்தார், காதில் பஞ்சு அடைத்தார், "நான் காலடியில நிக்கிறன் அப்பா, விரலைப் பிடிச்சிருக்கிறன். விடமாட்டன்" என்றார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க என்னை விட்டார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பாதம், வயல் சேற்றில் வெடித்த குதிக்கால், அதன் பெருவிரலைச் சுற்றி அந்தப் பிள்ளையின் கை. அரை மணித்தியாலத்துக்கு மேல். அசைந்தால் படம் கலங்கிவிடும் என்றார்கள், அப்பா அசையவே இல்லை. சத்தம் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். "பத்து லேண்ட்மாஸ்டர் உழவு மெசினை ஒண்டாய் ஸ்டார்ட் பண்ணினாப்போல. ஆனா அவன் விரலை விடல்ல" என்றார்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பிறகு, "எழும்பி நடங்கப்பா, சும்மா பயப்படுறீங்க" என்று நாளுக்கு நாலு தரம் சொன்னவள் நான். படத்தை நம்பினேன், நோகுது என்று சொன்ன மனிசனை நம்பவில்லை. இனி யாராவது நோகுது என்றால் அவர் காட்டுகிற இடத்தில் கை வைத்துப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டேன் என்று ஸ்கான் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தபோதே நினைத்துக்கொண்டேன்.

தம்பி, உங்கள் பெயரைக் கேட்க மறந்துபோனேன். கிளினிக் நாளில் தேடி வந்தோம், நீங்கள் லீவு என்றார்கள். தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்குக் காட்டிவிடுங்கள். அப்பா உங்களுக்கென்று ஒரு முட்டி எருமைத் தயிர் உறைய வைக்கச் சொல்லியிருக்கிறார், அடுத்த கிளினிக்குக்கும் கொண்டு வருவோம். கூடு இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது, வைகாசி வரட்டும் என்கிறார்.