சதுரக் குழாயும் இரட்டித்த விசையும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கே சாரல் விட்டபாடில்லை.

சதுர இரும்புக் குழாய்மேல் எடை விழுந்து நசுங்குவதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. மடிப்பு அழகாகத்தான் விழுந்திருக்கிறது. நசுங்கும்போது குழாய் எதிர்த்து நிற்கும் சராசரி விசை 50 கிலோநியூட்டனைத் தாண்டுவதுதான் இடிக்கிறது.

கையாலே ஒருதடவை போட்டுப் பார். 50 மி.மீ. சதுரக் குழாய், 1.5 மி.மீ. தகடு, பாய்வுத் தகைவு (இரும்பு மடங்கி உருமாறும்போது தாங்கும் தகைவு) 300 மெகாபாஸ்கல். சராசரி விசைக்கு அப்ரமோவிச், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் கொடுத்த சூத்திரம்: 13.06 × தகைவு × தடிமனின் வர்க்கம் × (அகலம் ÷ தடிமன்)-இன் கனமூலம். மெதுவாக நசுக்கினால் ஏறத்தாழ 28 கிலோநியூட்டன்தான். தொடக்கத்தில் 75 வரை ஏறுவதில் தப்பில்லை. 300 சதுர மி.மீ. குறுக்குவெட்டு மொத்தமும் 250 மெகாபாஸ்கலில் இளகத் தொடங்கும், அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும், இடம் அது.

வேகமாக நசுக்கும்போது தகைவு எவ்வளவு ஏறும் என்று சொல்லும் கௌப்பர்–சைமண்ட்ஸ் சூத்திரத்தின் மாறிலிகளாக உன் பையன்கள் 40.4, 5 என்று போட்டிருப்பார்கள், பார். மைல்ட் ஸ்டீல் என்றாலே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது அதைத்தான். திரிபு வேகம் (இரும்பு உருமாறும் வேகம்) நொடிக்கு 40 ஆனதுமே தகைவை இரட்டிப்பாக்கிவிடும். ஆனால் அது இரும்பு இளகத் தொடங்கும் கட்டத்துக்கான எண். மடிப்பில் திரிபு ரொம்பப் பெரியது. அங்கே 6844, 3.91 போடு. அதே வேகத்தில் ஏற்றம் சுமார் 27 சதவீதம்தான், விசை 36-க்குள் நிற்கும். 170 கிலோ எடையை 2.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், 50-இன்படி 83 மி.மீ. நசுங்கலில் நின்றுவிடும், 36-இன்படி 116 மி.மீ. வேண்டும். காகிதத்தில் பத்திரம், கையில் ஆபத்து.

மெஷ்ஷும், அதாவது கணினியில் குழாயைச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்த வலையும், பெரிது. ஒரு மடிப்பு 30 மி.மீ. வரும், 10 மி.மீ. எலிமென்ட் என்றால் மூன்றே பலகையை மடக்கச் சொல்வது போல. எலிமென்ட்டை 2.5 மி.மீ.-க்குக் குறை. தகைவைக் கணக்கிடத் தடிமன் வழியாக ஐந்து புள்ளி வை. செல்ஃப் கான்டாக்ட் (குழாய் தன்னையே தொடுவதைக் கணக்கில் எடுப்பது) மறந்தால் மடிப்பு மடிப்புக்குள்ளே புகுந்து, விசை பொய்யாய் இறங்கும். ஹவர்கிளாஸ் ஆற்றல் (எலிமென்ட்கள் பொய்யாய் நெளிவதை அடக்கச் செலவாகும் ஆற்றல்) மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தையே நம்பாதே.

இன்னொன்று. கோட்டாறில் வாங்கினாலும் முட்டத்தில் உப்புக்காற்றில் கிடந்ததை எடுத்தாலும், 1.5 என்ற பேச்சை நம்பாமல் ஸ்குரூ கேஜ் வைத்து நாலு முகமும் அளக்கச் சொல். 1.3 இருந்தால் விசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இழுவைச் சோதனைக்குத் துண்டு வெட்டும்போது வெல்டிங் தையல் உள்ள முகத்தை விட்டுவிடு, மூலையையும் தொடாதே. அங்கெல்லாம் இரும்பு இறுகிக் கிடக்கும்.

அளந்த தடிமனை எழுது, திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி